வலது பக்கச் சிரிப்பு

செங்கல்பட்டு
10 ஜூன் 2024

ரோகிணியின் அப்பாவுக்கு,

பூங்கொடி எழுதுவது. நானும் குழந்தையும் பிரபா அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். உறவு கொண்டாட இல்லை.

போன் செய்து செய்து அலுத்திருப்பீர்கள். நான் எடுக்கப்போவதில்லை. எடுத்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் அதற்கு மேல் கத்துவேன். நாம் கத்தும்போதெல்லாம் குழந்தை சிரிக்கிறாள். அதைப் பார்த்து அன்றைக்கு நீங்கள் சொன்னது இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. "பாரு, நம்ம சண்டையப் பாத்து எப்டி சிரிக்கிறான் பாரு!" சிரிக்கிறானாம். பெற்ற பெண் குழந்தையைப் பார்த்து!

செத்துப்போன உங்கள் தம்பியை நானும் மறக்கவில்லை. எனக்கும் கார்த்தி கூடப்பிறந்தவன் மாதிரிதான். அதற்காக அவன் நம் குழந்தை முகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னால் எந்தத் தாய் பொறுப்பாள்? சொன்னதோடு விட்டீர்களா? அவள் தலையிலிருந்து காது மெஷினைப் பிடுங்கி, சமையலறைப் பரணில் பழைய மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். நான் வீடெல்லாம் தேடி அலைந்தேன். நீங்கள் வாயே திறக்கவில்லை.

அது இல்லாவிட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் ஒரு சத்தமும் கிடையாது. காதுக்குப் பின்னால் கீறி, மண்டை எலும்பைக் குடைந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்களே, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீங்கள்தானே என்னைவிட அதிகமாக அழுதீர்கள்? அந்தக் கம்பிக்கு உயிர் கொடுப்பது வெளியே காந்தத்தில் ஒட்டியிருக்கும் அந்த வட்டம்தான். அதை மறந்துவிட்டீர்களா?

எட்டு மாதமாக நான் பட்ட பாட்டுக்குக் கிடைத்த ஒரே பலன் அந்தச் சிரிப்பு. பின்னால் நின்று "ரோகிணி" என்று கூப்பிடுகிறேன், சிரிக்கிறாள். பேச்சு பிறகு வரட்டும். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

எதுவானாலும் தாளில் எழுதி, மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சுப்பிரமணி அண்ணனிடம் கொடுங்கள். அவர் இங்கே கொண்டுவந்து தருவார். எழுத்தில் கத்த முடியாது பாருங்கள்.

பூங்கொடி


நெம்மேலி
14 ஜூன் 2024

பூங்கொடி,

எனக்குக் கடிதமெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. ரிசார்ட்டில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். தப்பிருந்தால் சிரிக்காதே.

மெஷினை ஒளித்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஏன் ஒளித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன்.

அன்று மத்தியானம் நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். நல்ல வெயில். குழந்தை விளையாடிக்கொண்டே தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். மெஷினைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் ஓட ஆரம்பித்தது. நான் சும்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூங்குகிற குழந்தை சிரித்தது, பூங்கொடி. பாதி முகம் மட்டும் சிரித்தது. வலது கண் சுருங்கி, வலது வாய் ஓரம் மேலே ஏறி, அப்படியே நின்றது. இடது பாதி அசையவே இல்லை. எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றதும் சிரிப்பும் நின்றது.

கார்த்தி எப்படிச் சிரிப்பான் என்று உனக்குத் தெரியும். ஒரு பக்கமாக இழுத்து, அந்த ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு. நம் கல்யாண போட்டோவில் எல்லோரும் ஒழுங்காகச் சிரிக்க, அவன் மட்டும் அப்படித்தான் நிற்கிறான். அவன் கடலில் போனபோது ரோகிணி உன் வயிற்றில் இருந்தாள். அவனை அவள் பார்த்ததே இல்லை. அப்படியிருக்க எங்கிருந்து வந்தது அது?

அவள் பக்கத்தில் குனிந்து, கொஞ்சம் உரக்கவே, "கார்த்தி" என்று கூப்பிட்டேன்.

சிரித்தாள். தூக்கத்தில், அதே பாதியில்.

காந்தத்தைக் கழற்றிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். ஒன்றுமில்லை, குழந்தை முகம்தான். ஒட்டிவிட்டுக் கூப்பிட்டேன். வந்துவிட்டான். நீயே சொல், நான் என்ன நினைப்பேன்? அந்த மெஷின் ஏதோ கதவைத் திறந்துவிட்டது, அந்த வழியாக அவன் வருகிறான் என்றுதானே நினைப்பேன்? அதனால்தான் ஒளித்தேன்.

வெங்கடேசன்


செங்கல்பட்டு
19 ஜூன் 2024

ரோகிணியின் அப்பாவுக்கு,

படித்தேன். நடுப்பகலில் தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்துவிட்டு அதற்குக் கதை கட்டுகிறீர்கள். எல்லாக் குழந்தையும்தான் தூக்கத்தில் சிரிக்கிறது. ஊரில் இதற்கெல்லாம் யாரும் மெஷினைப் பிடுங்குவதில்லை.

இங்கே எல்லாம் நன்றாகவே போகிறது. பேச்சுத் தெரபிக்குப் போகும் இடத்தில் இப்போது சிநேகா என்று ஒரு புது மேடம் வந்திருக்கிறார். காதுப் பரிசோதனை, மெஷினில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அவர்தான். சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி. குழந்தை கையில் மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு, சத்தம் கேட்டால் டப்பாவில் போடு என்று பழக்குகிறார். ரோகிணி கட்டையைப் போடவில்லை. ஆனால் சத்தம் வந்ததும் சிரித்தாள். "பாருங்க மேடம், காது கேக்குது, போடத்தான் தெர்ல" என்று நான்தான் சொன்னேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன். முன்பு இருந்தவர்களும் அதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கூட்டிக் கொடுத்தார்கள். மெஷினில் ஒன்றிலிருந்து நாலு வரை இருக்கிறது. நாலில் வைத்தால் சிரிப்பு நன்றாக வருகிறது. அதனால் நான் நாலிலேயே வைத்திருக்கிறேன்.

சிநேகா மேடம் சத்தத்தைக் கூட்டவில்லை. ரோகிணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நேற்று பிரபா அக்கா கையிலிருந்து இட்லிக் குண்டான் தவறி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ரோகிணி சிரித்தாள், வழக்கம் போல ஒரு பக்கம். ஆனால் அந்தச் சிரிப்போடு இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் கை போய் வலது கன்னத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. அக்கா என்னைப் பார்த்து, "இன்னாடி இது, சிரிக்குதா அழுவுதா? எனக்கு ஒரு மாரி கீது பூங்கொடி" என்றாள்.

நான் அக்காவைத் திட்டிவிட்டேன். பிறகு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூங்கொடி


நெம்மேலி
23 ஜூன் 2024

பூங்கொடி,

வீடு வீடாக இல்லை. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போதெல்லாம் என் கண் தானாக அவள் படுத்திருந்த தரைக்குப் போகிறது. வெறும் தரைதான். ஆனாலும் மோட்டார் நிற்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

ரிசார்ட்டில் நீச்சல் குளத்துக்கு வரும் குழந்தைகள் சிரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்கிறேன். ஒரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சூப்பர்வைசர் லக்ஷ்மிநாராயணன் கூப்பிட்டு, "இன்னா வெங்கடேசா, வூட்ல எதுனா பேஜாரா? ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போய்யா" என்றார். லீவு போட்டு எங்கே போவது?

மாமல்லபுரத்துக்குப் போனேன். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, கார்த்தியைக் கரைக்குக் கொண்டுவந்து போட்ட இடத்தில் நின்றேன். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தான். இங்கே இல்லை, அவன் இங்கே இல்லவே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பயந்துதான் மெஷினை ஒளித்தேன் என்று எழுதினேன். அது பாதிதான். அன்றைக்கு இரண்டாம் தடவை ஒட்டி அவன் வந்தானே, அதற்குப் பிறகும் நான் விடவில்லை. நீ கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கும் வரை "கார்த்தி கார்த்தி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தான். சோதனை செய்யக் கூப்பிடவில்லை. பார்க்க ஆசையாக இருந்தது. என் தம்பியைப் பார்க்க என் குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆசையைக் கண்டுதான் எனக்கு அதிகப் பயம். மெஷின் வீட்டில் கண்ணெதிரே இருந்தால் தினமும் கூப்பிடுவேன் என்று தெரிந்தது.

நீ அவளோடு அங்கேயே இருப்பது நல்லதுதான் போலிருக்கிறது.

வெங்கடேசன்


செங்கல்பட்டு
28 ஜூன் 2024

என்னங்க,

இதை மெதுவாகப் படியுங்கள்.

நேற்று சிநேகா மேடம் வரச்சொன்னார். முதலில் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்டார். ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்கிறாளா? ஆமாம். ஆபரேஷன் செய்த வலது பக்கமா? ஆமாம். யாரும் எதிரே இல்லாமல், மிக்ஸி, விசில் மாதிரி சத்தத்துக்கும் சிரிக்கிறாளா? ஆமாம். மெஷின் இல்லாதபோது இப்படி வருமா? நான் யோசித்தேன். வராது. "தூங்கும்போது வந்திருக்கா?" என்று கேட்டாரே பார்க்கலாம். உங்களைத் திட்டி எழுதினேனே, அது அப்படியே என் முகத்தில் வந்து அறைந்தது. நீங்கள் பார்த்ததைச் சொன்னேன். கார்த்தியை மட்டும் சொல்லவில்லை.

பிறகு ரோகிணியின் வலது கண்ணுக்குக் கீழேயும் வாய் ஓரத்திலும் சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார். நெஞ்சுக்கு ஈசிஜி எடுக்க ஒட்டுவார்களே, அதன் குட்டி மாதிரி. அதிலிருந்து ஒயர் கம்ப்யூட்டருக்குப் போனது. குழந்தை என் மடியில் பொம்மையோடு இருந்தாள். மேடம் மெஷின் வழியாகக் குட்டிக் குட்டியாகக் கரண்ட் கொடுக்கக் கொடுக்க, திரையில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு துள்ளியது. முகம் அசைந்தால் துள்ளும் என்றார்.

ஆனால் நான் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் அசையவில்லை. கோடு துள்ளிக்கொண்டே இருந்தது.

"இது கண்ணுக்குத் தெரியாத அளவு. உள்ளே தசை துடிக்குது. இன்னும் கூட்டினா நீங்க பார்க்கிற அந்தச் சிரிப்பு வரும்" என்றார். கூட்டினார். வந்தது.

காது நரம்புக்குப் பக்கத்திலேயே முகத்தை அசைக்கும் நரம்பு போகிறதாம். காதுக்குக் கொடுக்கும் கரண்ட் சில குழந்தைகளுக்கு அதில் கசிந்துவிடுமாம். பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பினால் நம் சுவர் ஊறுகிற மாதிரி. எல்லோருக்கும் வராது, வந்தாலும் சரி செய்யலாம், ஆனால் பெரியவர்களானால் முகம் இழுக்குது, வலிக்குது என்று சொல்லிவிடுவார்கள், இவள் எப்படிச் சொல்வாள் என்றார்.

வலிக்குமா என்று கேட்டேன். வலித்திருக்கலாம் என்றார்.

நாலில் வைத்தது நான். இவ்வளவு மாதமும் விடியற்காலையிலிருந்து படுக்கும் வரை, அவள் முகத்தை யாரோ உள்ளே இருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்திருக்கிறது. இழுக்க இழுக்க நான் கை தட்டினேன். "என் தங்கம் சிரிச்சிடுச்சு" என்று முத்தம் கொடுத்தேன். உள்ளே கிடக்கும் கம்பியில் கசிகிற இடங்களை மட்டும் அணைத்துவிட்டு, மற்றதையும் குறைத்து வைத்திருக்கிறார். கோடு இப்போது துள்ளவில்லை. கசிவு நின்றுவிட்டதாம். ஆனால் அவளுக்கு இதில் எவ்வளவு கேட்கிறது என்பது இனிமேல்தான் தெரியும். அதிகம் குறைத்துவிட்டால் ஒன்றுமே கேட்காமலும் போகலாமாம்.

நேற்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ரோகிணி, ரோகிணி என்று தொண்டை கட்டிவிட்டது. திரும்புவதில்லை. சிரிப்பதில்லை. முகம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருக்கிறது. நான் அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன். அவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

எனக்காக அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை, என்னங்க. நான் கரண்டைக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று காலை அக்காவின் பீரோக் கண்ணாடி முன்னால் தனியாக நின்றிருந்தாள். வலது கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது. எனக்கு உள்ளே போக மனம் வரவில்லை.

பூங்கொடி


நெம்மேலி
1 ஜூலை 2024

பூங்கொடி,

உன் கடிதத்தை மோட்டார் ரூமில் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லக்ஷ்மிநாராயணன் சார் வந்து மோட்டாரை நிறுத்தினார். தொட்டி வழிந்தது எனக்குத் தெரியவில்லை.

கரண்ட்தான் என்று ஆகிவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லையா? எனக்குக் கார்த்தியை மறுபடி கரையில் கொண்டுவந்து போட்ட மாதிரி இருக்கிறது.

அது என் பாடு. இப்போது உனக்கு ஒன்று சொல்கிறேன். எனக்காகச் சிரிக்கவே இல்லை என்று எழுதினாயே, அது பொய். நீ அவளைக் குளிப்பாட்டும்போது மெஷின் கிடையாது. தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று முதலில் அதைத்தானே கழற்றி வைப்பாய்? சொம்பு சொம்பாக நீ ஊற்ற ஊற்ற அவள் மூச்சு முட்டச் சிரிப்பாள். இரண்டு கன்னமும் குழியும், இரண்டு கண்ணும் காணாமல் போகும். நான் எத்தனையோ தடவை கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். நீ தலையைத் தேய்க்கும் அவசரத்தில் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாய். எந்த ஒயரும் இல்லாமல் வந்த சிரிப்பு அது. அது உன்னுடையதுதான்.

எனக்கு ஒரு உதவி செய். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. அவள் பின்னால் நின்று, அவளுக்குத் தெரியாமல், ஒரே ஒரு தடவை "கார்த்தி" என்று கூப்பிடு. முகம் அசையவில்லை என்று எனக்கு எழுது. மேடம் சொன்னது அறிவுக்கு ஏறிவிட்டது. நீ பார்த்துச் சொன்னால்தான் மனசுக்கு ஏறும். அவன் போய்விட்டான் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி போதும். அப்புறம் அந்த மெஷின் பக்கம் என் கை போகாது. நான் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

வெங்கடேசன்


செங்கல்பட்டு
5 ஜூலை 2024

என்னங்க,

நீங்கள் கேட்டதைச் செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பயப்படாமல் படியுங்கள்.

இன்று காலை பதினோரு மணி இருக்கும். அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ரோகிணி கூடத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை நிலைப்படியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பீரோக் கண்ணாடியில் அவள் முகம் எனக்குத் தெரியும். கண்ணாடிப் பக்கம் பார்க்காத வரை அவளுக்கு நான் தெரிய மாட்டேன்.

"கார்த்தி" என்றேன். நீங்கள் கூப்பிட்ட மாதிரி கொஞ்சம் உரக்க.

முகம் அசையவில்லை. கண் சுருங்கவில்லை, வாய் ஏறவில்லை. கண்ணாடியில் நன்றாகப் பார்த்தேன். நீங்கள் கேட்ட வரி இதுதான்: அவன் போய்விட்டான்.

உங்களுக்காக ஒரு நிமிஷம் நிறைய வருத்தப்பட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை போலிருக்கிறதே என்று அவளுக்காகவும் வருத்தப்பட்டுக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பப் போனேன்.

அப்போது அவள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள். அதை வலது வாய் ஓரத்தில் வைத்து, மெதுவாக மேலே தள்ளினாள். கன்னம் ஏறி, கண் சுருங்கும் வரை தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டாள். பிடித்தபடி முழு உடம்போடும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதே முகம். கல்யாண போட்டோவில் நிற்கிற அதே முகம். கத்த வாய் திறந்தேன். ஆனால் இடது பாதி என்னையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது. சரியாகச் செய்துவிட்டேனா அம்மா, இப்போது கை தட்டுவாயா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அவளுக்குக் கேட்கிறது. ரொம்ப மெல்லிசாகவாவது கேட்கிறது. கேட்டால் முகம் இப்படி ஆகவேண்டும் என்று நாம்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்த முகம் வந்தபோதெல்லாம் நான் கொஞ்சினேன். அது நின்றபோது எதிரிலேயே அழுதேன். அம்மா அழக்கூடாது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறாள்.

நிச்சயம் செய்துகொள்ள, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிய பிறகு மறுபடி மறைந்து நின்று "ரோகிணி" என்றேன். விரல் போனது. கரண்டியால் தட்டினேன். போனது. ஒன்றும் பேசாமல் வெகுநேரம் நின்றேன். போகவில்லை. சிநேகா மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். விரல் எந்தெந்தச் சத்தத்துக்குப் போனது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, கட்டையைப் போடுவதற்குப் பதில் இதைச் செய்கிறாள், கேட்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம், மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

அவள் இன்னும் அப்படித்தான் இருக்கிறாள். இதை எழுதும்போது வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது, விரலை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். கன்னத்தில் நகம் பதிந்து சிவந்திருக்கிறது. அந்த விரலை எடுத்துக் கீழே விட எனக்குக் கை வரவில்லை. எடுத்தால் நான் கோபித்துக்கொண்டதாக நினைப்பாளோ என்று பயமாக இருக்கிறது.

இனி போனை எடுக்கிறேன், கூப்பிடுங்கள். வேண்டாம், போன் வேண்டாம், சுப்பிரமணி அண்ணன் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுங்கள். வந்து அவள் பின்னால் நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். விரல் போகும். பயப்படாதீர்கள். நீங்களே அதை எடுத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

பூங்கொடி